பின்னோக்கிப் போக மறுத்த கார்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆப்ரி அவர்களுக்கு,

ஹொரேஸ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மூரியலும் நலம். உங்கள் கரும்பச்சைக் காரும் இந்த வரியை எழுதும்வரை கீறல் இல்லாமல் நலமாக இருக்கிறது. உங்கள் மனைவியின் முழங்கால் வலியும், உங்கள் ரோஜாச் செடிகளைப் பிடித்த பூஞ்சையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் நாற்பதாவது மணநாளுக்காகக் காரைக் கொடுத்தனுப்பிய பெருந்தன்மையை மறக்க மாட்டேன். நீங்கள் போட்ட நிபந்தனைகளையும் மறக்கவில்லை. சனிக்கிழமை உங்கள் மகள் ஹேஸலுக்குத் திருமணம். வீட்டுப் பெண்கள் எல்லோரையும் போல அவளும் இதே காரில், நீங்கள் அந்த ஓட்டுநர் தொப்பியோடு ஓட்ட, தேவாலயத்துக்குப் போக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் கார் வந்தாக வேண்டும். மேலே தூசுகூடப் படக்கூடாது. முக்கியமாக, மூரியலின் கை ஸ்டீயரிங்கில் படவே கூடாது. பத்தொன்பது வயதில் உங்கள் அப்பாவின் வண்டியை வாசல் தூணில் இடித்தவள் அல்லவா. அதற்குப் பிறகு அவள் நடமாடும் நூலக வேனைப் பல வருடம் ஓட்டினாளே என்று சொல்லிப் பார்த்தேன். வேன் வேறு, குடும்பக் கார் வேறு என்றீர்கள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பயணம் அருமையாகத்தான் போனது. முன்னோக்கிப் போவதில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பின்னோக்கி எடுப்பது மட்டும் எனக்கு ஒத்துவராத சமாச்சாரம். மனிதனுக்குக் கண் முன்னால் இருக்கிறது, அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதனால் நேராக வெளியே வரக்கூடிய இடத்தில் மட்டுமே காரை நிறுத்தினேன். அப்படி ஒரு இடம் எளிதில் கிடைக்காததால் மூரியல் வழியில் இருந்த பழைய மடாலயத்தைக் கார் நகர நகர ஜன்னல் வழியாகப் பார்த்தாள், தேநீர்க் கடைக்கு ஒரு மைல் நடந்தாள், ஆசைப்பட்ட ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கவேயில்லை, ஆனால் எதற்கும் குறை சொல்லவில்லை, அது எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருந்தது.

இன்று டெவனில் கடலைப் பார்க்க ஒரு சந்துச் சாலையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலிப்புதர், நடுச்சாலையில் புல், ஒரு கார் போகத்தான் இடம். எதிரே இன்னொரு கார் வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே மிஸ்டர் பிக்கிள் என்று ஒரு பெரியவர் வந்தார். நான் மரியாதையாகக் கையை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். வழிவிட்டதற்கு நன்றி என்று நான் அவருக்குச் சொல்ல, அவர் எனக்குச் சொல்ல, இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். நன்றி வாங்கிய பிறகு நகராமல் இருக்க முடியாதே, அவர் நகர்வார் என நானும், நான் நகர்வேன் என அவரும் வெகுநேரம் புன்னகைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இறங்கி, முதலில் நீங்கள், சேச்சே நீங்கள், என்று ஆரம்பித்து, மழை வருமா என்று பேசி, அவருடைய வெள்ளரிக்காய் சாண்ட்விச்சையும் சாப்பிட்டு முடித்தபோது அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டரும் தபால் வேனும் வந்து நின்றன. இனி அவர் பின்னால் போக முடியாது. எங்களுக்குப் பின்னாலோ, இரண்டு வளைவு தாண்டி ஒதுங்கும் இடம் காலியாக இருக்கிறது.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை. டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, "இன்னிக்கு வெயில் நல்லாத்தான் இருக்கு" என்றார். நம் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

மூரியல் ஒரே ஒரு முறை கேட்டாள். "என்னங்க, நான் எடுக்கட்டுமா?"

"வாக்குக் குடுத்திருக்கேன், மூரியல்."

"யாருக்கு? எங்க அண்ணனுக்கா?" என்று சொல்லிவிட்டுப் புதரைப் பார்க்க ஆரம்பித்தவள்தான்.

நானும் முயன்றேன். கார் வலப்பக்கம் போக வேண்டிய நேரத்தில் இடப்பக்கம் போனது. மயிரிழையில் நிறுத்தினேன். வேலிக்கு மேலே ஒரு பசு தலையை நீட்டி முழுவதையும் பார்த்தது. ஆகவே ஐயா, பின்னோக்கி ஓட்டத் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே ரயிலேறுங்கள். முடியாவிட்டால் ஹேஸலுக்கு வேறு கார் பாருங்கள். இந்தப் பள்ளத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. தபால்காரர் இங்கேயே நிற்பதால் கடிதம் தவறாமல் வந்து சேரும், நாங்கள் நகர்ந்த பிறகு. குழந்தை ஹேஸல் பல்லாண்டு சீரும் சிறப்புமாக வாழ எங்கள் ஆசிகள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு, நின்ற இடத்திலிருந்து,
ஹொரேஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தபால்காரரிடம் உறையைக் கொடுக்க நான் நடந்தபோது பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. மூரியல் ஒரு கையை இருக்கையின் சாய்வில் போட்டுத் திரும்பிப் பார்த்தபடி இரண்டு வளைவையும் ஓர் இலை உதிராமல் கடந்து போய் நிறுத்திவிட்டாள். டிராக்டர்காரர் தொப்பியைக் கழற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீறல் ஒன்று விழுந்திருக்கிறது. அவளைப் பாராட்ட ஓடிப்போய் நான் கதவைத் திறந்தபோது அது ஒதுங்கும் இடத்துக் கல்சுவரில் பட்டது.

அவள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்குத் தூண்ல இடிச்சது நான் இல்ல, அண்ணன்தான். அப்பா அடிப்பாரேன்னு அழுதான், நான் பழியை ஏத்துக்கிட்டேன். இத்தனை வருஷத்துல அவனே அதை நம்பிட்டான் போல. சனிக்கிழமை ஹேஸலை நான்தான் கூட்டிட்டுப் போவேன். வேணாம்னா கல்யாண விருந்துல எழுந்து நின்னு இதை எல்லார்கிட்டயும் சொல்வேன்னு எழுதுங்க."

நாற்பது வருடத்தில் என்னிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. சாவி அவள் கைப்பையில் இருப்பதால் நீங்கள் பதில் போட வேண்டியதில்லை. அந்தத் தொப்பியை மட்டும் துடைத்து வைக்க வேண்டுமாம். அவள் தலைக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்குமாம், உள்ளே காகிதம் வைத்துக்கொள்வாளாம்.