மறைந்த கலைஞரின் ஒன்பதாவது பாட்டு

தான் இறந்துபோன செய்தியை அவர் காலை ஏழரை மணிக்கு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, போனில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"கம்பி அண்ணன் நம்மளை விட்டுட்டு இப்படிக் கம்பி நீட்டிட்டாரே" என்று மறுமுனையில் ஓர் ஆண்குரல் அழுதது. பழைய குழுவில் டிரம்ஸ் வாசித்தவருடைய குரல். பதினோரு வருஷமாக அவரிடமிருந்து ஒரு போன் கிடையாது.

கம்பி என்பது இவருடைய பட்டப்பெயர். முப்பத்தைந்து வருஷம் கிதார் வாசித்தவருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும். டிரம்ஸ்காரர் வயதில் சின்னவர் என்பதால் வழக்கம்போல "தம்பி..." என்று ஆரம்பித்தார். நுரை தொண்டைக்குள் போய்விட்டது. மேற்கொண்டு வந்தது இருமல்தான்.

"ஓ, தம்பியா? அண்ணனுக்கு ஒரு தம்பி இருக்கறதே எங்களுக்குத் தெரியாதே. குரல்கூட அப்படியே அண்ணன் குரல். அழாதீங்க தம்பி. பேப்பர்ல பாத்ததுலேர்ந்து எனக்கே கை கால் ஓடல."

வைத்துவிட்டார். இவர் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். இணைப்பிதழின் ஆறாம் பக்கத்தில் அவருடைய ஆல்பத்துக்கு அரைப் பக்க விமர்சனம் வந்திருந்தது. தலைப்பு: 'மறைந்த கலைஞரின் மறக்க முடியாத ஆல்பம்'.

அந்த ஆல்பத்தின் பெயர் 'துருப்பிடிக்காதது'. நான்கு வருஷ உழைப்பு. ஹார்டு ராக்தான், டிரம்ஸ் இடிக்கும், கிதார் உறுமும், ஆனாலும் குளிக்கும்போது முணுமுணுக்க ஒரு மெட்டு மிஞ்சும். சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பின்னறைச் சுவரில் இரட்டைக் கட்டில் மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தார். நான்கு வருஷமும் அது சுவரிலேயே நின்றது. அவரும் மனைவியும் ஒற்றை மெத்தையில் சமாளித்தார்கள்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது. எந்தப் பாட்டை எத்தனை பேர் முழுதாகக் கேட்டார்கள் என்று அந்தத் தளமே காட்டும். முதல் பாட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒன்பதாவதுக்கு ஒருவர்.

ஒன்பதாவது பாட்டில் டிரம்ஸ் கிடையாது, உறுமல் கிடையாது. கிதார் மட்டும் தனியாக மூன்று நிமிஷம் பேசும். மற்ற எட்டும் அந்த ஒன்றுக்காகக் கட்டிய படிகள் என்பது அவர் எண்ணம். அதைக் கேட்டுவிட்டு யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வாழ்க்கையில் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்ட அந்த ஒருவர் தன் மனைவிதான் என்று அவரே முடிவுகட்டியிருந்தார். நேரில் கேட்கவில்லை. கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

பத்திரிகைக்குப் போன் போட்டார். விமர்சகரே எடுத்தார்.

"அந்தக் கிதார் கலைஞர் உயிரோடதாங்க இருக்கார்."

"குரல்லயே தெரியுது, அவர் தம்பிதானே? டிரம்ஸ்காரர் இப்பதான் சொன்னார்." விமர்சகரின் குரல் இளகியது. "புரியுதுங்க. எங்கப்பா போனப்ப நானும் ஒரு மாசம் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அட, அது இல்லைங்க. தலைப்புல எழுத்துப் பிழை."

"நான் என்னவோ 'மறந்த கலைஞர்'னுதான் எழுதினேன். எங்க பிழைதிருத்தற அம்மாதான் 'ற'வை 'றை'யாக்கி அனுப்பினாங்க. இருபது வருஷத்துல அவங்க ஒரு எழுத்தைத் தப்பா தொட்டதில்லை. நமக்குத் தெரியாத சேதி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "உங்களுக்கு மனசு கேக்கலைன்னா நாளைக்கே திருத்தம் போட்டுடறேன். 'மறைந்த என்பதை மறந்த என்று திருத்தி வாசிக்கவும்'னு."

இவர் போனைக் காதில் வைத்தபடியே இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். செத்துப்போனான் என்றால் நான்கு பேர் ஐயோ பாவம் என்பார்கள். எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று பத்திரிகையே கட்டம் கட்டிச் சொன்னால் வெளியே தலை காட்ட முடியாது.

"இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மத்தியானத்துக்குள் முதல் பாட்டு நாலாயிரத்தைத் தொட்டது. சாயங்காலம் பதினோராயிரம். ஒன்பதாவது பாட்டு அசையவில்லை. அதே ஒருவர்.

"நீங்க தம்பின்னா நான் யாரு, அண்ணியா?" என்றாள் மனைவி. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நாலு நாள் பொறு. எல்லாரும் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஒண்ணொண்ணா கேட்டு ஒன்பதாவதுக்கு வந்துடுவாங்க. அப்புறம் உண்மையைச் சொல்லிடறேன்."

"அதுக்குள்ள டிரம்ஸ்காரர் வாசல்ல வந்து நின்னா?"

அவள் சொன்னதுபோலவே ஆயிற்று. சனிக்கிழமை இரங்கல் கூட்டம், தம்பி கட்டாயம் வரவேண்டும், அழைத்துப்போகத் தானே வருவதாக டிரம்ஸ்காரர் செய்தி அனுப்பினார். வேறு வழியில்லை. முப்பத்திரண்டு வருஷத் தாடியை அன்றே வழித்தார். குடுமியையும் வெட்டினார்.

மனைவி அவர் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இப்பதான் முழு முகத்தையும் பாக்கறேன். தம்பி பரவாயில்லையே."

அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிட்டார். "ஒன்பதாவது பாட்டை முழுசாக் கேட்டது நீதானே?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க. நான் மூணாவதோட நிறுத்திட்டேன். நாலு வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டேனே, அதெல்லாம் சேர்த்தியில்லையா?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் அவருக்கு வலித்தது. அப்படியானால் அந்த ஒருவர் யார் என்று கண்ணாடியில் தெரிந்த புது முகத்தைத்தான் கேட்டுக்கொண்டார்.

கூட்டம் இசைக்கருவிக் கடையின் மாடியில் நடந்தது. எண்பது நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். உயிரோடு இருந்தவரை அவருக்காக இவ்வளவு பேர் கூடியதில்லை. மேடையில் இருந்த பெரிய படம் குழுவில் வாசித்த காலத்தில் எடுத்தது. அதில் தலைமுடிதான் தெரிந்தது, முகம் இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் முதல் பாட்டின் ஆரம்பத்தை ஆகா ஓகோ என்றார்கள். அதைத் தாண்டி ஒருவரும் நகரவில்லை.

"அந்த ஒன்பதாவது பாட்டு எப்படி?" என்று பக்கத்திலிருந்த டிரம்ஸ்காரரிடம் மெல்லக் கேட்டார்.

"ஒன்பது இருக்கா? அண்ணன் உழைப்பாளி தம்பி" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், அண்ணன் நினைவாகத் தம்பி ஒரு பாட்டு வாசிப்பார் என்று அறிவித்துவிட்டார்.

இவர் அஞ்சலிக்காகப் படத்தருகே சாய்த்து வைத்திருந்த தன் கிதாரையே எடுத்துக்கொண்டு ஒன்பதாவது பாட்டை வாசித்தார். அறையில் பதிவு செய்தபோதுகூட அப்படி வரவில்லை. விரல்கள் அவரைக் கேட்காமலே போயின. முடித்தபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது. கைதட்டல் மரியாதையாக வந்தது, மரியாதையாக அடங்கியது.

முன்வரிசையில் இருந்த விமர்சகர் எழுந்து வந்து தோளில் கைவைத்தார். "கை நல்லா பேசுது தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன்கிட்ட இருந்த ஆழம் வேற. விடாம சாதகம் பண்ணுங்க, வந்துடும்."

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கேளுங்க. நான்தான் அவர்."

டிரம்ஸ்காரர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ஆமா தம்பி. இனிமே எங்களுக்கு நீங்கதான் அவர்." கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

"ஐயோ, நிஜமாவே நான்தாங்க" என்றார். தட்டல் இரண்டு மடங்காயிற்று. முன்வரிசையில் மனைவி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து முதுகைத் தடவினார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாரும் டீக்கு இறங்கியபோது கடைசி வரிசையில் ஓர் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. இரங்கல் கூட்டத் துண்டறிக்கையில் ஒற்றுப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். விமர்சகர் சொன்ன ஆள் யாரென்று இவருக்குச் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்துக் கோபமும் வந்து முன்னால் நின்றது.

"ஏம்மா, அவர் செத்துட்டார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"அப்புறம் எதை வச்சு 'மறைந்த'ன்னு போட்டீங்க?"

அவள் பேனாவை மூடினாள். "தலைப்புல சந்தேகம் வந்தா நான் மூலத்தையே ஒரு தடவை பாத்துடுவேன். அதனால ஒன்பது பாட்டையும் கேட்டேன். அந்தக் கடைசிப் பாட்டை வாசிச்ச மனுஷன் உயிரோட இருந்தா, அவரை யாராவது மறந்திருப்பாங்களா? எழுத்துப் பிழைதான்னு திருத்திட்டேன்."