துப்பாக்கிக் கட்டையில் ஒரு மாடு

ரெட்டோவின் கையில் கடிதம் இருந்தது. மேசைமேல் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கியில் மட்டும் மாடு இல்லை.

முன்பு இருந்திருந்தாலும் இப்போது இருக்க வழியில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அதன் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து முடித்திருந்தான்.

ரெட்டோவுக்குத் தொழில் ரொட்டிக்கடை. பைத்தியம், பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகள். துருவும் அழுக்குமாக எங்கிருந்தாவது வாங்கி வருவான். கழற்றித் துடைத்துப் பூட்டி, ஊர்ச் சுடுகளத்தில் சுட்டுப் பார்ப்பான். இந்தத் துப்பாக்கிகளில் கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினால், சில சமயம் உள்ளே, அந்தத் துப்பாக்கியை வைத்திருந்த சிப்பாயின் பெயரும் விலாசமும் எழுதிய சீட்டு கிடைக்கும். கிடைத்த பெயருக்கெல்லாம் ரெட்டோ கடிதம் போடுவான். ‘உங்கள் துப்பாக்கி என்னிடம் நலமாக இருக்கிறது. நீங்கள் காவல் நின்றதால்தான் நான் நிம்மதியாக ரொட்டி சுடுகிறேன். நன்றி.’

இருபத்திரண்டு கடிதங்கள் போட்டாயிற்று. இருபத்திரண்டும் ‘காலமாகிவிட்டார்’ என்று திரும்பி வந்தன. இருபத்துமூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைவீட்டிலிருந்து எர்வின் ஸ்டால்டர், வயது எண்பத்தெட்டு, எழுதியிருந்தார்.

‘ரொம்ப நன்றி, தம்பி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் விழாவுக்கு வருகிறேன். அதை ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டையின் இடது பக்கம் ஒரு சின்ன மாடு செதுக்கியிருந்தேனே, இன்னும் இருக்கிறதா?’

“உசிரோட ஒரே ஒருத்தர் கெடைச்சாரு கேத்தி! அவரு மாட்டைப் போய் நான் தேய்ச்சுத் தூளாக்கிட்டேனே!” என்று மனைவியிடம் புலம்பினான்.

“மாடு இருந்துச்சா? நீ பாத்தியா?”

“என்னமோ கீறல் இருந்துச்சு. எல்லாத் துப்பாக்கியிலயும்தான் கீறல் இருக்கு. நான் என்னத்தக் கண்டேன்?”

“அப்ப உள்ளதைச் சொல்லிடு.”

“எம்பத்தெட்டு வயசுக்காரர்கிட்டயா? மனசு ஒடைஞ்சு போயிடுவாரு.”

“அப்ப நீயே ஒரு மாட்டைச் செதுக்கு. தெனமும் ரொட்டி மேல கீறுற கைதானே?”

கேத்தி கிண்டலுக்குத்தான் சொன்னாள். ரெட்டோ ரொட்டி கீறும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“பன்னி நல்லா வந்திருக்கு.”

“அது மாடு.”

“மாடுன்னா கொம்பு வேணாமா?”

கொம்பு வைத்தான். அது ஆடாகிவிட்டது. ஆட்டை மாடாக்க என்ன வழி என்று யோசித்து, மடி வைத்தான். மடி போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் தோண்டினான். கட்டை ‘டக்’ என்றது. மாட்டின் பின்னங்காலிலிருந்து அடித்தகடு வரை ஒரு விரிசல் ஓடியது.

வெள்ளிக்கிழமை விரிசலில் பசையை விட்டு, கேத்தியின் ஏப்ரன் நாடாவால் இறுக்கிக் கட்டினான். பசை வெள்ளைக் கோடாகக் காய்ந்து பல்லை இளித்தது. அதை மறைக்கக் கடுங்காப்பியைத் தேய்த்தான். காப்பி திட்டுத் திட்டாகப் பிடித்தது. அதை மறைக்க ஆளிவிதை எண்ணெயை அள்ளிப் பூசினான். சனிக்கிழமை மத்தியானமாகியும் எண்ணெய் காயாமல், தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது.

காலை வேலை முடிந்து கடை அடுப்பு வெதுவெதுப்பாக இருந்தது. கட்டையை மட்டும் கழற்றி அடுப்பின் கடைக்கோடியில் தள்ளிவிட்டு, ‘அரை மணி போதும்’ என்று இலக்குப் பலகை மாட்டச் சுடுகளத்துக்குப் போனான். அந்த நேரம் பார்த்து, விழாவுக்கு முந்நூறு பன் சுடவேண்டிய கேத்தி வந்தாள். உள்ளே பார்க்காமலே அடுப்பை முடுக்கி, பன் தட்டுகளைத் தள்ளிவிட்டாள்.

ரெட்டோ திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே வாடை அடித்தது. கேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இந்த அடுப்புக்குள்ள என்ன செத்துக் கெடக்கு?”

“மாடு” என்றான் ரெட்டோ.

நீளக் கரண்டியால் வெளியே இழுத்தார்கள். கட்டை கருகின ரொட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. விரிசல் தெரியவில்லை, பசை தெரியவில்லை. மாடு பாதி தேய்ந்ததுபோல மங்கிக் கிடந்தது.

“அட, இப்பத்தான் நெசமாவே பட்டாளத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு!” என்றாள் கேத்தி.

ஆனால் முந்நூறு பன்னிலும் எண்ணெய் வாடை ஏறிவிட்டது. வேறு பன் சுட மாவும் இல்லை, நேரமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சுடுகளத்தில் ஊரே சாசேஜைத் தின்றுவிட்டுப் பன்னை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. “ஏம்பா ரெட்டோ, இது பன்னா, இல்ல பெயின்ட் அடிச்ச கதவா?” என்று கேட்டார் சுடுகளத் தலைவர் வெர்னர். ரெட்டோவின் காதில் அது ஏறவில்லை. எர்வின் ஸ்டால்டர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தடி. மறு கையை அவர் மகள் மார்லிஸ் பிடித்திருந்தாள்.

கிழவர் துப்பாக்கியை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். அடித்தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கட்டைவிரலால் தடவி, திருப்தியாகத் தலையசைத்தார். அப்புறம்தான் இடது பக்கம் பார்த்தார். விரல் மாட்டின்மேல் நின்றது.

“இதே மாடுதான்” என்றார் கிழவர். கண்ணில் நீர் தளும்பியது. “நல்லா இருப்ப, தம்பி.”

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்…”

“ஒண்ணும் சொல்ல வேணாம். நீ சுடு. நான் சத்தத்தைக் கேக்கணும்.”

ரெட்டோ குப்புறப் படுத்து, போட்டிக்குத் தந்த பதினெட்டுத் தோட்டாவையும் சுட்டான். வெந்த கட்டை ஒவ்வொரு தடவையும் முனகியது. குண்டெல்லாம் இடப்பக்கமாகவே போயின. வழக்கமாக வாங்கும் பதக்கம் இந்த வருஷம் கிடைக்கவில்லை. கிழவரோ ஒவ்வொரு குண்டுக்கும் கைதட்டினார். இத்தனை வருஷம் பதிலே வராத அத்தனை கடிதங்களுக்கும் சேர்த்து யாரோ கைதட்டுவதுபோல ரெட்டோவுக்கு இருந்தது. இந்த நாளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும் என்று நினைத்தான். நினைக்க நினைக்க, தான் செய்த பித்தலாட்டம் உறுத்தியது.

கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது பன்னை ரசித்துத் தின்றுகொண்டிருந்தபோது, அவன் மார்லிஸை ஓரமாகக் கூப்பிட்டான்.

“அக்கா, மன்னிச்சிடுங்க. அந்த மாடு ஐயா செதுக்கினது இல்ல. நான்தான் செதுக்கினேன்.”

“தெரியுமே” என்றாள் மார்லிஸ். “அப்பா பட்டாளத்துக்கே போனதில்ல. தட்டைப் பாதம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆயுதக் கெடங்குல அடித்தகடு பூட்டுற வேலை, முப்பது வருஷம். என்னைக்காவது யாராவது கடுதாசி போடட்டும்னு, பூட்டினதுல பாதிக்கு மேல தன் பேரை எழுதி உள்ள வச்சிட்டாரு.”

ரெட்டோ பெஞ்சிலிருந்த கிழவரைத் திரும்பிப் பார்த்தான். மார்லிஸ் விடவில்லை.

“கடுதாசி போட்டவங்க எல்லார்கிட்டயும், தான் செதுக்கவே செதுக்காத மாடு இருக்கான்னு கேப்பாரு, உங்களோட சேத்து இதுவரைக்கும் பதினாலு பேரு மாட்டோட வந்திருக்கீங்க, ஆனா மடி வச்சுக் கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தான்!”