மேஸ்திரி வாயில் உறைந்த தயிர்

சமையல் செய்யும் அம்மாவும் நுண்ணுயிரியல் படிக்கும் மகளும் ஒரே ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ முடியாது. ஒருவர் வைத்ததை மற்றவர் தொட்டே தீருவார். என் அக்கா செல்வியின் நிச்சயதார்த்தத்தன்று இந்த உண்மையை மைசூரில் எங்கள் தெரு முழுவதும் தெரிந்துகொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவள் நான்தான் (அந்தத் திமிரை ஊரே பார்த்தது). ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, நல்ல கிருமிகளால் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பது. வாயில் பல்லை அரிக்கும் கிருமிகள் உண்டு. அவற்றுக்கு முன்னால் போய், பஸ்ஸில் துண்டு போடுவதுபோல இடம் பிடித்துக்கொள்ளும் நல்ல கிருமிகளும் உண்டு. அந்த நல்லவர்களை ஒருவர் வாயிலிருந்து எடுத்து வளர்த்து இன்னொருவர் வாயில் குடியேற்றினால் என்ன ஆகும்?

"சொத்தையே இல்லாத வாயா ஒண்ணு பிடிச்சுட்டு வாம்மா" என்றார் எங்கள் பேராசிரியர்.

அப்படிப்பட்ட வாய் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. மாரி மேஸ்திரி, கட்டட வேலைக்காரர், அறுபதைத் தாண்டியவர். கரும்பைக் கணுவோடு கடிப்பார். சோடா மூடியைப் பல்லால் திறப்பார். யாராவது ஓப்பனரை நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார். டெஸ்ட் ட்யூபை நீட்டி எச்சில் கேட்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"போதுங்களா அம்மணி, இன்னும் ஸ்வல்ப துப்பட்டுங்களா?"

அந்த எச்சிலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தேன். கண்ணாடித் தட்டில் அது பல்லரிப்புக் கிருமிகளை விரட்டியடித்தது. பாலில் விட்டால் பால் கட்டியாக உறைந்தது. ஹாஸ்டல் பெண்கள் சிலர் அந்தப் பாலைத் தினமும் வாயில் வைத்துக் கொப்பளித்தார்கள். (யாருடைய வாய்ச் சரக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

இந்த நேரம் பார்த்து லேப் ஃபிரிட்ஜ் பழுதானது. கிருமி விட்டு உறைந்த பாலை ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 'யாரும் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியும் வைத்தேன். இங்கிலீஷில். அம்மாவுக்குத் தமிழும் கன்னடமும்தான் படிக்கத் தெரியும்.

மாப்பிள்ளை பழனிச்சாமிக்கு ராமாபுரத்தில் மளிகைக் கடை. நல்ல மனிதர். அவருடைய அம்மா எச்சில் விஷயத்தில் நெருப்பு. பெண் பார்க்க வந்தபோதே டம்ளரை உதட்டிலிருந்து ஒரு சாண் தூக்கிக் காப்பி குடித்தவர். கொதிக்கும் காப்பியை அப்படிக் குடிப்பது ஒரு வித்தை. அக்கா அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகினாள். பாதி மூக்கில் போகும்.

நிச்சயத்தன்று நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால் முதலில் சாப்பாடு, பிறகு தட்டு மாற்றுவது என்று முடிவானது. பந்தி சுமுகமாகப் போனது. நான் அப்பளக் கூடையோடு திரிந்தேன். தயிர் வந்தது.

"தயிர் கத்தி வெச்சு வெட்டலாமாட்ட இருக்குதுங்க. புளிப்பே இல்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எங்கூட்டுக்குக் கொஞ்சம் உறைக்குக் குடுங்க."

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நேத்து உறை தீந்துபோச்சுங்க. ஃபிரிட்ஜுல ஒரு சொம்புல கெட்டியா இருந்துச்சு. அதை எடுத்து ஊத்துனேன்."

நான் சமையலறைக்கு ஓடினேன். என் சொம்பு பளபளவென்று விளக்கப்பட்டு மேடையில் கவிழ்ந்து கிடந்தது. ஒட்டியிருந்த காகிதம் குப்பையில்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அந்த உறை ராமாபுரம் போய்விடும் என்று நினைத்ததும் என் கால்கள் தாமாகப் பந்திக்குத் திரும்பின.

"அதை எடுத்துட்டுப் போகாதீங்க. அது தயிர் இல்லைங்க, ஒருவிதமான மருந்து" என்றேன்.

"மருந்தா?"

அம்மா பார்த்த பார்வையில் என் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. சமாளிக்க நினைத்துப் பிரசங்கத்தில் இறங்கினேன். நல்ல கிருமி, கெட்ட கிருமி, பஸ், துண்டு எல்லாம் சொன்னேன். ஆச்சரியமாக, அந்த அம்மாள் ஆர்வமாகக் கேட்டார்.

"பல்லுக்கு அவ்வளவு நல்லதா கண்ணு? எங்க வாங்குனே?"

எதிர் வரிசையில் மாரி மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"வாங்கறதெங்கீங்க?" என்றார். "அத்தனையும் நம்ம வாயில இருந்து எடுத்ததுங்க." சந்தேகம் வரக் கூடாதென்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார்.

பந்தியில் கைகள் நின்றன. மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்து கொல்லைக் குழாய்க்குப் போனார். அங்கிருந்து கொப்பளிக்கும் சத்தம் ஓயாமல் கேட்டது. அறைக்குள் அக்கா அழ ஆரம்பித்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என் படிப்புச் செலவை நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

மாப்பிள்ளை மட்டும் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நெசமாலும் வேலை செய்யுதுங்களா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "கொஞ்சம் செய்யுதுங்க. தினமும் கொப்பளிக்கற வரைக்கும் கெட்டது குறையுது. நிறுத்திட்டா சீக்கிரமே பழையபடி வந்துருது. பல்லு தேய்க்கறதுக்குப் பதிலா ஆகாது."

அவர் யோசித்தார். "அப்ப விடாம சாப்பிடோணும்" என்று இலையை என் அம்மா பக்கம் நகர்த்தினார். "இன்னொரு கரண்டி போடுங்க."

கொல்லையிலிருந்து திரும்பிய அவருடைய அம்மா, மகன் அந்தத் தயிரைப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா மனைவியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"சரி விடு புள்ள. ரெண்டூட்டுக்கும் எச்ச ஒண்ணாப்போச்சு. இனி வேற யார் வூட்டுல போய்ப் பொண்ணு கேக்கறது? தட்டை எடுங்க."

தட்டு மாற்றினார்கள். அக்காவும் அழுத கண்ணோடு வந்து உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் கல்யாணம் முடியும்வரை சமையலறையில் நுழையத் தடை. மேஸ்திரி மறுபடி எச்சில் கொடுத்ததால் ப்ராஜெக்டும் ஒருவழியாக முடிந்தது. நான் மாப்பிள்ளையிடம் சொன்ன பதில்தான் கடைசியில் அதன் முடிவுரையும்.

அக்காவின் மாமியார் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரும்போது ராமாபுரத்திலிருந்து தன் தயிரைத் தூக்குப்போசியில் கொண்டுவருகிறார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.

என் கல்யாணத்தில் மச்சான் பழனிச்சாமி என் கணவரைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ காதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது முதல் நாள் சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. தயிர்க் கிண்ணத்தை எடுத்ததும் கணவர் சிரிக்காமல் கேட்டார்.

"இது யாருது?"

இத்தனை வருடமாகியும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. கடையில் வாங்கிய பாக்கெட் தயிர்தான் என்று நானும் சலிக்காமல் சொல்கிறேன்.

"அப்படியா" என்று முகர்ந்து பார்ப்பார். "அந்தக் கடைக்காரருக்குப் பல்லெல்லாம் எப்படி?"