ஓட்டவும் கூடாது, கொண்டுவரவும் வேண்டும்

உடையார்பாளையம்
14.6.1986

அன்புள்ள மைத்துனன் ராசாங்கத்துக்கு, உன் அக்காள் புருஷன் சாமிதுரை எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காள் செங்கமலமும் மகள் சிந்தாமணியும் ஆடு மாடுகளும் நலம். நலம் இல்லாதது ஒன்றே ஒன்று. திருச்சியில் நீ வேலை பார்க்கும் கம்பெனியில், நீயே முன்னால் நின்று என் தலையில் கட்டினாயே, அந்த வேன்.

திங்கட்கிழமை உங்கள் கம்பெனியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் தபால் ஆபீஸ் ஜன்னலிலேயே போஸ்ட் மாஸ்டரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அந்த மனிதருக்கு மெதுவாகப் பேச வராது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் வெடிக்கக்கூடும், ஆகவே வண்டியை ஓட்டக் கூடாது, உடனே திருச்சிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தால் இனாமாக மாற்றித் தருவோம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஓட்டக் கூடாதாம், ஆனால் கொண்டுவர வேண்டுமாம். தலையில் தூக்கிக்கொண்டா வருவேன்? அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் ராசாங்கம், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது யார் தெரியுமா? ஜெயங்கொண்டம் செல்லமுத்துவின் அக்காள் குஞ்சம்மாள். நம் சிந்தாமணியைத் தன் மகனுக்குக் கேட்டு, வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருக்கிறாரே, அதே செல்லமுத்து.

“குடுத்தவனே திருப்பிக் கேக்குறான்னா, வாங்குனவன் வூட்டுலதான் என்னமோ கோளாறு” என்று அந்த அம்மாள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் ஊரில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அவமானம் வாங்கியவனுக்குத்தானே. வண்டி இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று காட்டக் கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். உன் அக்காள் குறுக்கே வந்து நின்று, “பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி ஒங்க கருமாதியப் பாக்கணுமா? எறங்குங்க கீழ!” என்று கத்தினாள். வேறு வழியில்லாமல் இரண்டு மாட்டைப் பூட்டி வேனை வீட்டுக்கு இழுத்து வந்தேன். பார்த்தவனெல்லாம் ஜப்தியா, ஜப்தியா என்று துக்கம் விசாரிக்கிறான். அரியலூரிலிருந்து மெக்கானிக் கவுஸை வரவழைத்தேன். அடியில் படுத்துக் குழாயை வளைத்துப் பார்த்தவர், “அண்ணே, பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இன்னும் நாலு நாளு ஓட்டியிருந்தா நேரா ஏரிக்குள்ளதான் போயிருப்பீங்க. இந்தச் சாமான் கம்பெனியிலதான் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நீ வியாழக்கிழமைக்குள் குழாயோடு வந்து சேர். குழாயைவிட முக்கியம், தப்பு கம்பெனியுடையது, சாமிதுரை குடும்பத்தின் மேல் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் மேனேஜரிடம் தமிழில் எழுதி, முத்திரை குத்தி வாங்கி வா. சிந்தாமணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தச் சம்பந்தம் முறிந்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கு மட்டும் குழாய் வந்த பிறகு.

இப்படிக்கு,
சாமிதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் செல்லமுத்துவே பஸ்ஸில் வந்து இறங்கினார். சொந்த வேன் வைத்திருப்பவர் பஸ்ஸில் வருகிறாரே, முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், “ஒங்களுக்குக் கடுதாசி வந்துச்சாமே, நெசந்தானுங்களா?” என்றார். தலையை ஆட்டினேன். மடியிலிருந்து ஒரு தபாலை எடுத்தார். அதே கம்பெனி, அதே குழாய். “எனக்கு வந்து பதினஞ்சு நாளாச்சுங்க. பொண்ணு வூட்டுல என்ன நெனப்பாங்களோன்னு அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தேன். ஒங்களுக்கும் வந்துருக்குன்னு எங்கக்கா சொன்ன பெறகுதாங்க சோறு எறங்குச்சு” என்றார். அவருக்கும் வண்டி விற்றது நீதானாமே. வெள்ளிக்கிழமை பூ வைப்பது உறுதி. முத்திரையும் வேண்டாம், மேனேஜரும் வேண்டாம். இரண்டு வண்டிக்கும் குழாய் கொண்டு வா. முதலில் ஜெயங்கொண்டத்தில் இறங்கி அவருடையதை மாட்டிவிட்டு வா. நாம் பெண் வீடு.