இடம் மாறும் வலி

எலும்பு டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்ததுமே முட்டிவலி போய்விட்டது என்றாள் சண்முகத்தாய். ஊசி போடவில்லை, மாத்திரைகூட வாங்கவில்லை. டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். இவள் அவர் விரலில் கிடந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் வைத்தியம்.

"ஏளா, அப்ப வீட்டுக்குப் போவமா?" என்றார் கணவர் சிவனணைந்தபெருமாள்.

"இருங்க. இப்ப விரல் நுனியெல்லாம் ஊறுது."

பெருமாள் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். எந்தச் சரக்கு எந்த அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும் என்பதில் அவரை அடிக்க ஆளில்லை. மேசை மாறிப்போனால் கன்டெய்னர் வெயிலில் கிடந்து காயும். உடம்பும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. அரிப்பு என்றால் தோல். ஆகவே அதே ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

தோல் டாக்டர் ஒரு அம்மாள். அவரைப் பார்த்த மாத்திரத்தில் சண்முகத்தாய்க்கு ஊறல் நின்றது. கைராசி என்றால் இதுவல்லவா என்று பெருமாள் வியந்துகொண்டு வெளியே வர, நெஞ்சு படபடக்கிறது என்றாள்.

பெருமாளுக்கு வேர்த்துவிட்டது. இதய டாக்டரிடம் ஓடினார். அவர் தலை நரைத்தவர். இ.சி.ஜி. எடுப்பதற்குள் சண்முகத்தாய் தானாகவே எழுந்து உட்கார்ந்து, இது வெறும் வாயு என்று அவருக்கே சொல்லிவிட்டாள்.

வலி இப்படி ஊர் சுற்றுவது பெருமாளுக்கு விசித்திரமாக இருந்தது. பயத்தோடு ஆர்வமும் வந்தது. சரக்கு ஓரிடத்தில் இறங்குகிறது, இன்னோரிடத்தில் ஏறுகிறது. நடுவில் ரோடு ஒன்று இருக்கத்தானே வேண்டும்? உடம்பில் அந்த ரோடு எது என்று இரண்டு நாள் யோசித்து, நரம்பு என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நெஃப்ராலஜி என்று எழுதியிருந்த அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துத் தெருவிலிருந்து அங்கே வேலைக்கு வரும் நர்ஸ் பேபி வந்து பார்த்துச் சிரித்தாள். "அண்ணாச்சி, இது கிட்னிக்கு. நரம்புக்கு நியூராலஜி, அந்தா அங்கன." பிறகு சண்முகத்தாயை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ குசுகுசுத்தாள். வந்தபோது சண்முகத்தாயின் முகம் தெளிந்திருந்தது.

நரம்பு டாக்டர் சின்ன வயதுக்காரர், மென்மையாகப் பேசினார். வழக்கமாக டாக்டர்தான் கேள்வி கேட்பார். இங்கே சண்முகத்தாய் கேட்டாள்: எந்த ஊர், சாப்பாடெல்லாம் யார் பொங்கிப் போடுகிறார்கள், உறக்கம் ஒழுங்காக உண்டா என்று. குழம்பிப்போன டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று தலைக்கு ஒரு ஸ்கேன் எழுதினார்.

"நீங்க சொன்னா எடுத்துருவோம்" என்றாள் சண்முகத்தாய்.

அப்போதுதான் பெருமாளுக்குச் சந்தேகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் யார் சொல்லையும் இப்படி மறுபேச்சில்லாமல் கேட்டதில்லை. தலைக்குள் ஏதோ பெரிதாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் சென்னையில் வேலை பார்க்கும் மகள் உமாராணி போன் செய்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. டாக்டர் எப்படி என்றுதான் கேட்டாள். படித்த பிள்ளை, டாக்டர் சரியாக அமைந்தால் நோய் தானே போகும் என்று தெரிந்து வைத்திருக்கிறது எனப் பெருமாள் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் மட்டும் தெருமுனையில் இருந்த செல்வின் டாக்டரைப் போய்ப் பார்த்தார். குடும்பத்துக்கே பொதுவாக மருந்து கொடுத்து வந்த பெரியவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஸ்பெஷலிஸ்ட் அவங்கவங்க பங்கத்தான் பாப்பாங்க, பெருமாளு. முதல்ல ஒருத்தன் ஆள முழுசா பாக்கணும். அப்பதான் யாருகிட்ட அனுப்பணும்னு தெரியும். நேரா இங்கன கூட்டிட்டு வந்திருக்கணும் நீ."

வீட்டில் போய்ச் சொன்னார். சண்முகத்தாய் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "அவருக்குப் பேரப்பிள்ள காலேஜ் போகுது. அவருகிட்டப் போயி என்ன செய்ய?"

தனக்கு ஆயுசு குறைவு என்று தெரிந்துகொண்டுதான் இப்படி ஏறுமாறாகப் பேசுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கு முதன்முதலாக அவள் வைத்த குழம்பை உப்புக் குறையென்று சொல்லாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். திருச்செந்தூருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். அவருக்கு இருந்ததே கொஞ்சம் முடிதான்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று அவளைக் கூட்டிப் போக மனமில்லை. தனியாகப் போனார். நரம்பு டாக்டரின் அறை வாசலில் பேபி எதிரே வந்தாள். அவர் கண் கலங்கி நின்றார்.

பேபி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பயப்படாதிய. அக்காட்ட மட்டும் சொல்லிருங்க, நரம்பு டாக்டருக்கு போட்டோவுல நம்ம உமாராணிய பிடிச்சிருக்காம், ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராவ."