பம்பு இருந்த பையில் எலுமிச்சம்பழம்

லாயாங் லாயாங்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய கமலநாதன் மாமாவுக்கு,

என் வேலையைக் கெடுத்தது நீங்கள்தான். மற்றபடி இங்கே யாருக்கும் குறைவில்லை. அத்தையின் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சாஆ ஊரிலிருந்து வந்து என் மவுண்டன் பைக்குக்குப் பூசை போட்டது சரி. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியதும் சரி. ஆனால் சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் திறந்து, பம்பு, டயரை நெம்பும் குச்சி, பஞ்சர் ஒட்டு, செயின் கழற்றும் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வழித்துணைக்கென்று பழமும் கற்பூரமும் திருநீறும் வைத்து ஜிப்பை இழுத்து மூடினீர்களே, ஒரு வார்த்தை சொன்னீர்களா? நேற்று எனக்குச் சோதனை ஓட்டம். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களைச் செம்பனைத் தோட்டத்துக்குள் சைக்கிளில் கூட்டிப்போகும் வழிகாட்டி வேலை. கிடைத்தால் தொழிற்சாலையின் இரவு ஷிப்டை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அம்மா பிறந்த, தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்துப் பக்கம் போனதும், கூரை விழுந்த வீட்டைப் பார்த்து ஒரு பெண்மணி "சோ பியூட்டிஃபுல்" என்றார். கூரை இருந்தபோதே அது ஒழுகியது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் டயரில் செம்பனை முள் ஏறிவிட்டது. கம்பெனி நடத்தும் மார்கஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முதுகுப்பையில் படமெடுக்கும் டிரோன் மட்டும்தான் இருந்தது. நான் பையைத் திறந்தேன்.

"என்னம்மா இது?"

"எலுமிச்சம்பழம், அண்ணே."

"தெரியுது லா. பஞ்சர் ஒட்டப் போறியா, ஜூஸ் போடப் போறியா?"

நகம் பிய்ய வெறும் கையால் டயரை ஒரு பக்கம் கழற்றி, லாலாங் புல்லைப் பிடுங்கி உள்ளே இறுகத் திணித்தேன். தார்ச்சாலை வரை சைக்கிள் உருண்டது.

"கஸ்டமரைப் புல்லு மேல ஏத்துறியா? நாம என்ன மாடா மேய்க்கிறோம்?"

"அவங்க நடக்காம வந்தாங்கல்ல, அண்ணே."

"வேணாம்மா. நீ ஃபேக்டரிக்கே போ."

மாமா, உங்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நம் வீட்டில் எப்போதும் இதுதான் நடக்கிறது. மேல்படிப்புக்கு எங்கே, எப்படி மனுப் போடுவதென்று யாரும் விசாரிக்கவில்லை. கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை மட்டும் தவறாமல் நடந்தது. முள் இருக்கும் பாதையில் அனுப்புகிறவர்கள் முதலில் பம்பைக் கொடுங்கள். திருநீறு பிறகு பூசலாம்.

நடந்ததை மார்கஸ் அண்ணனிடம் நீங்களே சொல்ல வேண்டும். அத்தைக்கும் சின்னவள் ஷர்மினிக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
யோகேஸ்வரி

பி.கு.: உறையை ஒட்டும்போது மார்கஸ் அண்ணன் கூப்பிட்டார். அந்தப் பெண்மணி பழத்தைப் படமெடுத்து இணையத்தில் போட்டாராம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். "அடுத்த சனிக்கிழமை வந்துரும்மா, வேலை உனக்குத்தான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் பழம் நசுக்கணும். உன் மாமாவையும் வேட்டியோட கூட்டிட்டு வா." புல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகத்தான் போகிறேன், இரவு ஷிப்ட் அப்படிப்பட்டது. அவரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், வேட்டியைத் துவைத்து வையுங்கள். பழத்தை அவரே வாங்கட்டும். என் பம்பை எங்கே வைத்தீர்கள்?