வெயிட்டிங் லிஸ்டும் வெள்ளைத் தூண் வீடும்

எந்தக் கேள்விக்கும் முடிவான பதில் சொல்லாமலே பத்தொன்பது வயதுவரை வாழ்ந்து காட்டிய ஒரே பெண், டெக்ஸஸில் என் ஹாஸ்டல் அறைத்தோழி வெயிட்டிங் லிஸ்ட்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்லூரி அலுவலகத்தைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

ஆறு வகுப்புகளுக்குப் பெயர் கொடுப்பாள். கடைசி நாளில் இரண்டை விடுவாள். மூன்று சட்டை வாங்கி, விலை அட்டையைக் கிழிக்காமல் ஒரு வாரம் கதவில் மாட்டிவைத்துப் பார்த்துவிட்டு, மூன்றையும் திருப்பிக் கொடுப்பாள். "மஷ்ரூம்... இல்ல இருங்க, ஆனியன்..." என்று போனில் அவள் யோசித்து முடிப்பதற்குள் பிட்ஸாக் கடைக்காரன் ஒருமுறை கடையையே மூடிவிட்டான். கரூரில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்தவள். "எதையும் க்ளோஸ் பண்ணாதடி. ஆப்ஷன் ஓபனா இருக்கணும்" என்பாள்.

நான் நேர் எதிர். ஒன்று பிடித்துவிட்டால் அதுதான் வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் மாதம் எனக்குப் பிடித்துப்போனது, கல்லூரிக்கு எதிரே இருந்த வெள்ளைத் தூண் வீடு.

அது ஒரு சொராரிட்டி. மாணவிகள் மட்டும் சேர்ந்து நடத்தும் சங்கம். உள்ளே போய்விட்டால் அங்கேயே தங்கலாம், ஆயுளுக்கும் அக்கா தங்கைகள். வகுப்பு தொடங்குமுன் ஒரு வாரம் 'ரஷ்' நடக்கும். நாம் வீடு வீடாகப் போய் அவர்களைப் பார்ப்போம், அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். வெள்ளைத் தூண் வீட்டு வாசலில் முப்பது பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு நின்றார்கள். வெயிலில் புல்வெளி மினுமினுத்தது. உள்ளே மாடிப்படி வளைந்து வளைந்து எங்கோ மேலே போனது. ஜெர்சி சிட்டி அபார்ட்மென்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த எனக்கு, அந்தப் படியில் முப்பது அக்காக்களோடு இறங்கி வருவதாகவே எந்நேரமும் நினைப்பு. முதல் வருஷம் முழுக்க வெயிட்டிங் லிஸ்டைத் தவிர யாரும் பழக்கமில்லை. எங்காவது ஓர் இடத்தில் நானும் ஒருத்தியாக வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

"நானும் வரேன்" என்றாள் அவள்.

"சேரப் போறியா?"

"யாரு சொன்னா? பேரு குடுத்து வெப்போம். பாக்கலாம்."

வெள்ளைத் தூண் வீட்டில் நாற்காலியைக் காட்டினார்கள். பரவாயில்லை என்று நின்றேன். எலுமிச்சை ஜூஸ் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். கேக்கும் வேண்டாம் என்றேன். ஒரு வீட்டில் முதல் தடவை கேட்டதுமே வாங்கிவிடக் கூடாது, வற்புறுத்தினால்தான் வாங்க வேண்டும் என்பது என் அம்மா போட்ட சட்டம். ஆகவே இரண்டாம் தடவைக்காகப் புன்னகையோடு காத்திருந்தேன். டெக்ஸஸில் இரண்டாம் தடவை கிடையாது. தட்டு அடுத்தவளிடம் போய்விட்டது. நூறு டிகிரி வெயிலில் நான்கு வீடு ஏறி இறங்கியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லோரும் தேவதைகளாகத் தெரிந்தார்கள், பாட்டு எங்கோ மேகத்திலிருந்து கேட்டது. அதில் பாதி பசி மயக்கம் என்று பிறகுதான் புரிந்தது.

அறையின் மறுகோடியில் வெயிட்டிங் லிஸ்ட் மூன்று கோப்பைகளோடு நின்றாள். எது நன்றாக இருக்கும் என்று முடிவாகத் தெரியாததால் மூன்றையும் வாங்கிக்கொண்டதாக அவள் ஆங்கிலத்தில் விளக்க, சுற்றிலும் எட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி கேக்க வேணாம்னே?"

"இன்னொரு தடவை கேப்பாங்கன்னு..."

"இது என்ன உங்க சித்தப்பா வீடா? வேணாம்னா வேணாம்னுதாண்டி எடுத்துக்குவாங்க!"

அப்படியும் கடைசிச் சுற்றுக்கு எங்கள் இருவரையும் இரண்டு வீடுகள் அழைத்தன: வெள்ளைத் தூண் வீடும், லாண்டரி பக்கத்தில் ஒரு செங்கல் வீடும். அன்று மாலை நம் விருப்பத்தை வரிசையாக ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும்.

"ரெண்டையும் எழுது" என்றாள். "ஒண்ண மட்டும் எழுதி அது கிடைக்கலன்னா, எதுவுமே இல்ல."

"எனக்கு அதுதாண்டி வேணும்."

"வேணுங்கறது வேற, எழுதறது வேற."

நான் ஒன்றை மட்டும் எழுதினேன்.

மறுநாள் காலை, எந்த வீடு சேர்த்துக்கொள்கிறது என்று சொல்லும் உறை எல்லோருக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. ரஷ்ஷை நடத்திய பெண் என் தோளில் கைவைத்து, அந்த வீட்டுக்காரர்களுக்கு என்னைப் பிடித்ததாகவும், எனக்குத்தான் அவர்களைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் நினைத்துவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னாள். வெயிட்டிங் லிஸ்ட் தன் உறையைப் பிரித்தாள். வெள்ளைத் தூண் வீடு.

அறைக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியே பாட்டும் கூச்சலும் மிதந்து வந்தன. "போடி, உன்னக் கூப்பிடறாங்க" என்றேன். போய்விட்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வயிறு எரிந்தது.

அரைமணியில் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"சேந்துட்டியா?"

"வேணாம்னுட்டேன்."

துள்ளி எழுந்தேன். "பைத்தியமா? பதில் சொல்ல அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கே!"

"இருக்கு."

"அப்புறம் ஏன் இப்பவே சொன்னே?"

"நல்ல பொண்ணுங்கதாண்டி. ஆனா அங்க யார்கூடத் தமிழ்ல சண்ட போடறது?"

அது பொய். ஹூஸ்டனில் அவளுக்குத் தமிழில் சண்டை போடவென்றே ஏழு அத்தை பிள்ளைகள் இருந்தார்கள். அழுதுகொண்டே சிரித்தேன். மீதி மூன்று வருஷமும் அதே அறையில் ஒன்றாகவே இருந்தோம்.

போன வாரம்கூட போனில் கேட்டேன்: "உண்மையச் சொல்லு. எனக்காகத்தானே வேணாம்னே?"

"அதப் பத்தி நான் இன்னும் டிசைட் பண்ணல" என்றாள்.

பண்ணவே வேண்டாம். அன்றைக்கு அவள் திரும்பி வந்தாளே, எனக்கு அது போதும்.